அடுப்பு இரண்டு, காற்று ஒன்று

வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ எல்.பி.ஜி. இருக்கிறது. அது முழுவதும் எரிந்து தீர்வதற்குள் சமையலறைக் காற்றில் சுமார் 22 லிட்டர் தண்ணீரை ஆவியாக விட்டிருக்கும். குழம்பிலிருந்தும் இட்லிப் பானையிலிருந்தும் கிளம்பும் ஆவி இந்தக் கணக்கில் சேராது. இது தீயே உண்டாக்கும் தண்ணீர். எல்.பி.ஜி. என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இரண்டிலும் இருப்பவை ஹைட்ரஜனும் கார்பனும்தான். எரியும்போது ஹைட்ரஜன் நீராகிறது, கார்பன் கரியமில வாயுவாகிறது. அந்த வாயு மட்டும் ஒரு சிலிண்டருக்கு 42 கிலோவுக்கு மேல். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தர ஏறத்தாழ 180 கன மீட்டர் காற்று தேவைப்படுகிறது. எட்டடிக்கு எட்டடி, பத்தடி உயரம் உள்ள சமையலறையில் இருப்பது 18 கன மீட்டர். ஒரு சிலிண்டர் தீர்வதற்குள் அந்த அறையின் காற்றைப் போல் பத்து மடங்கு செலவாகிவிடுகிறது.

தீ நீலமாக, பாத்திரத்தில் கரி பிடிக்காமல் எரிவதால் கேஸ் அடுப்புக்குப் புகையே கிடையாது என்று நாம் பழகிவிட்டோம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புகையைப் பற்றி நினைக்க ஒரு நல்ல சந்தர்ப்பத்தை, கடைகளில் இப்போது கிடைக்கும் ஒரு அடுப்பு தருகிறது. ஒரே கண்ணாடித் தகட்டில் இரண்டு கேஸ் பர்னர், பக்கத்திலேயே ஒன்றோ இரண்டோ இண்டக்ஷன் வட்டம். ஹைப்ரிட் ஹாப் என்று விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கரண்ட் போனால் கேஸ் இருக்கிறது, சிலிண்டர் தீர்ந்தால் கரண்ட் இருக்கிறது. நியாயமான காரணம். ஆனால் இந்த அடுப்பின் பெரிய பலன் அறைக் காற்றில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். எந்தச் சமையலை எந்தப் பக்கம் வைக்கிறோம், மேலே சிம்னி என்ன செய்கிறது, சன்னல் எங்கே இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பலன் கைக்கு வரும்.

விறகோடு ஒப்பிட்டால் கேஸ் எவ்வளவு பெரிய விடுதலை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றை வீட்டில் எரிப்பதால் வரும் காற்று மாசு 2020-இல் மட்டும் சுமார் 32 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவர் குழுவினரும் பல ஆண்டுகளாக இந்தப் புகையைச் சமையலறை சமையலறையாகப் போய் அளந்து வருகிறார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஹாபின் ஆய்வின் இந்தியப் பகுதி தமிழ்நாட்டில்தான் நடந்தது. 2022-இல் வெளிவந்த அதன் முடிவின்படி, விறகிலேயே தொடர்ந்து சமைத்த பெண்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம். கேஸுக்கு மாறியவர்களுக்கு 24. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. இருந்தும், பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டுச் சராசரி எல்லை 5 மைக்ரோகிராம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விறகை விட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை என்று தெரியும்.

சமையலறையில் புகை இரண்டு வகை. ஒன்று தீயின் புகை, மற்றது பண்டத்தின் புகை.

தீயின் புகையில் நம்மை அதிகம் கவலைப்பட வைக்க வேண்டியது நைட்ரஜன் டை ஆக்சைடு. இது கேஸிலிருந்து வருவதில்லை. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரண வெப்பத்தில் அது எதனோடும் சேராமல் சும்மா இருக்கும். நீலத் தீயின் உள்ளே வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த நைட்ரஜனும் ஆக்சிஜனும் பிணையத் தொடங்குகின்றன. இந்த வினையின் படிகளை ரஷ்ய விஞ்ஞானி யாகோவ் செல்டோவிச் 1940-களில் விளக்கினார். ஆகவே பர்னரை எவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்தாலும், உலகத்தரமான கம்பெனியின் அடுப்பாக இருந்தாலும், தீ எரிந்தால் இந்த வாயு வரும். நல்ல நீலத் தீயிலும் வரும். மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு இது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனம் ஒரு மணி நேரச் சராசரிக்குக் கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் கலிஃபோர்னியாவில் 53 வீடுகளின் கேஸ் அடுப்புகளை அளந்து 2022-இல் எழுதிய ஆய்வு, மேலே உறிஞ்சியைப் போடாமல் சின்னச் சமையலறையில் சமைத்தால் அந்த நாட்டின் ஒரு மணி நேர எல்லையைச் சில நிமிடங்களிலேயே தாண்டிவிடலாம் என்று காட்டியது. அங்கே எரிவது குழாய் வழி வரும் மீத்தேன், இங்கே எல்.பி.ஜி. நைட்ரஜன் காற்றிலிருந்து வருவதால் இந்த விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. காற்றுப் போதாத தீயில் பிறப்பது. பர்னர் துளைகளில் பால் பொங்கி அடைத்திருந்தாலோ, அறை முழுக்க மூடியிருந்தாலோ தீ மஞ்சளாக நாக்கு நீட்டும், பாத்திரத்தின் அடி கறுக்கும். மஞ்சள் தீயைப் பார்த்தால் அன்றே பர்னர் மூடியைக் கழற்றி ஊசியால் துளைகளைக் குத்திவிடுவது நல்லது. மணமே இல்லாத வாயு என்பதால் மூக்கை நம்பி இருக்க முடியாது.

பண்டத்தின் புகை வேறு கதை. சூடான எண்ணெயில் கடுகும் மிளகாய் வற்றலும் விழும் அந்த நிமிஷத்தில் கூடத்தில் இருப்பவர் வரைக்கும் இருமுகிறார்களே, அது மிளகாயின் காரப்பொருள் எண்ணெய்த் துளிகளில் ஏறி மிதந்து வருவது. நெடி மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. கூடவே மிக நுண்ணிய எண்ணெய்த் துகள்களும், எண்ணெய் புகையும் சூட்டில் அக்ரோலின் என்ற கண்ணைக் கரிக்கும் பொருளும் வருகின்றன. அதிக வெப்பத்தில் வறுக்கும் பொரிக்கும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சேர்த்திருக்கிறது. இதற்கு அடுப்பு எது என்பது பொருட்டே அல்ல. இண்டக்ஷனில் தாளித்தாலும் வரும், விறகில் தாளித்தாலும் வரும். இண்டக்ஷன் வாங்கிவிட்டோம், இனிச் சிம்னி தேவையில்லை என்று நினைப்பவர்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த மின்சார வட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். கண்ணாடிக்கு அடியில் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 தடவை திசை மாறுவது. உள்ளே இருக்கும் மின்சுற்று அதை 20,000 தடவைக்கும் மேலாக ஆக்கிச் சுருளில் ஓட்டுகிறது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட தூண்டல் விதிதான் இதற்கு அடிப்படை. இரும்பில் இந்த மின்னோட்டம் மேற்பரப்பை ஒட்டி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழத்துக்குள் நெருக்கியடித்து ஓடுகிறது. நெருக்கடியால் தடை அதிகம், தடையால் சூடு அதிகம். பாத்திரமே அடுப்பாகிவிடுகிறது, கண்ணாடி சுடுவதெல்லாம் பாத்திரம் தொட்டுக்கொண்டிருப்பதால்தான். அலுமினியத்திலும் செம்பிலும் மின்னோட்டம் தடையில்லாமல் பரவி ஓடிவிடுவதால் சூடு ஏறுவதில்லை.

நம் சமையலறைப் பாத்திரங்கள் இங்கே தாமாகவே இரண்டு கட்சியாகப் பிரிகின்றன. காந்தம் ஒட்டினால் இண்டக்ஷன், ஒட்டாவிட்டால் கேஸ். மண்சட்டியும் பித்தளை உருளியும் ஈயச் சொம்பும் கேஸ் பக்கம். ஈயச் சொம்பைப் பற்றி ஒரு வார்த்தை: வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, சொம்பு பிழைக்கும். அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே என்று பாட்டிமார் கத்துவார்கள். ஆப்பச் சட்டிக்குக் குழிந்த அடி, அதற்குத் தீ வேண்டும். அப்பளம் சுடவும் கத்தரிக்காய் சுடவும் தீ வேண்டும். இரும்புத் தோசைக்கல் இண்டக்ஷனில் சூடாகும்; ஆனால் சுருளின் அகலத்துக்குத்தான் சூடாகும். நடுவில் முறுகி ஓரம் வெளுத்த தோசைதான் வரும். வீட்டில் தோசை முக்கியம் என்றால் கல்லைக் கேஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம்? அடுப்பு அதிக நேரம் எரிவது எதற்கு என்று ஒரு நாள் கவனித்துப் பார்த்தால் விடை தெரியும். பருப்பு வேக வைக்க, சோறு வடிக்க, இட்லி அவிக்க, பால் காய்ச்ச, குளிக்கவும் குடிக்கவும் வெந்நீர் போட. எல்லாமே தண்ணீர் கொதிக்கும் வேலைகள். தீயின் சுவை எதுவும் இவற்றில் ஏறப்போவதில்லை. இவற்றை மின்சாரப் பக்கம் தள்ளிவிட்டால் தீ எரியும் நேரம் பெருமளவு குறைந்துவிடும்; அதோடு நைட்ரஜன் டை ஆக்சைடும் குறையும். இண்டக்ஷன் அடி உள்ள குக்கர் ஒன்று வாங்கினாலே பாதி மாற்றம் நடந்துவிடும். ஹைப்ரிட் ஹாப்பை வாங்கி, பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் கேஸிலேயே வைத்து, இண்டக்ஷன் வட்டத்தின் மேல் எண்ணெய்க் கிண்ணமும் உப்பு ஜாடியும் அடுக்கி வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

செலவுக் கணக்கையும் போட்டுவிடலாம். ஒரு சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டுக் கேஸ் அடுப்பின் வெப்பத் திறன் 68 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அது சோதனைக்கூடத்தில், அகலமான பாத்திரத்தில் வருவது. சின்னப் பாத்திரத்தைச் சுற்றித் தீ மேலே ஏறும் வீட்டுச் சமையலில் 60 என்று வைத்துக்கொள்வோம். இண்டக்ஷனில் 85 சதவீதம் வரை பாத்திரத்துக்குப் போகிறது. ஆக ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை 125 யூனிட் மின்சாரம் செய்துவிடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் யார் எந்தப் படியில் இருக்கிறார்களோ அதைப் பொறுத்து லாபநஷ்டம் மாறும். பணத்தைவிட மே மாதத்தில் சமைப்பவருக்கு முக்கியமானது வேறு. பாத்திரத்தைத் தொடாமல் தப்பிப்போகும் தீயின் வெப்பம் ஒரு சிலிண்டருக்கு 70 யூனிட். அது அத்தனையும் அவர் நின்றுகொண்டிருக்கும் அறைக்குள்தான் இறங்குகிறது.

சிம்னிக்கு வருவோம். இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று குழாய் வழியாக வெளியே தள்ளுவது. மற்றது உறிஞ்சிய காற்றை வடிகட்டிக் கரித்தூள் வழியாக அதே அறைக்குள் திருப்பி விடுவது. இரண்டாவது எண்ணெய்ப் பிசுக்கையும் கொஞ்சம் வாடையையும் பிடிக்கும். ஈரம், வெப்பம், கரியமில வாயு, கார்பன் மோனாக்சைடு எதையும் பிடிக்காது. கேஸ் பர்னர் உள்ள வீட்டில் அதை வாங்காதீர்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. சுவரில் ஆறு அங்குல ஓட்டை போட முடியாது என்று அடுக்ககத்தில் சொன்னால், அந்தப் பணத்தில் நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வாங்கி அடுப்புக்கு அருகே ஏற்கெனவே இருக்கும் வென்டிலேட்டரிலோ சன்னலின் மேல்பகுதியிலோ பொருத்துவது மேல்.

சிம்னிப் பெட்டியில் மணிக்கு 1,200 கன மீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்து மலைக்கத் தேவையில்லை. குழாயின் நீளமும் ஒவ்வொரு வளைவும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாய் இன்னும் அதிகம் தின்னும். மணிக்கு 500 கன மீட்டர் நிஜமாகவே வெளியேறினால்கூட 18 கன மீட்டர் அறையின் காற்று இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை மாறிவிடும். அதுவே தாராளம். எண்ணைவிட முக்கியம், கிளம்பும் புகையில் எத்தனை பங்கைச் சிம்னி பிடிக்கிறது என்பது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பிரெட் சிங்கரும் வில்லியம் டெல்ப்பும் வீடுகளுக்கான சிம்னிகளைச் சோதித்தபோது, சில 98 சதவீதத்துக்கு மேல் பிடித்தன, சில 15 சதவீதம்கூடப் பிடிக்கவில்லை. பொதுவாகப் பின்வரிசை பர்னரின் புகை முன்வரிசையைவிட நன்றாக மாட்டியது. பின்னால் சுவர் அணைகிறது, மேலே சிம்னி முழுதாக மூடுகிறது. எனவே தாளிப்பும் பொரிப்பும் பின் பர்னருக்கு. ஹாப் வாங்கும்போதும் இதைப் பார்க்க வேண்டும்: கேஸ் ஒரு ஓரம், இண்டக்ஷன் மறு ஓரம் என்று நீளும் ஹாப்புக்கு மேலே அதைவிடக் குறுகலான சிம்னியை மாட்டினால் ஓரத்துப் பர்னர் அநாதையாகிவிடும். உயரம் கேஸுக்கு மேலே 65 முதல் 75 சென்டிமீட்டர். அதைவிட இறக்கினால் வடிகட்டியில் இருக்கும் எண்ணெய் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஏற்றினால் புகை நழுவும்.

இரண்டு அடுப்பின் ஆவியும் ஒரே மாதிரி ஏறாது என்பது ஹைப்ரிட் ஹாப்பில் பலர் கவனிக்காத விஷயம். கேஸ் தீயின் சுடுகாற்று ஆவியையும் புகையையும் விசையோடு மேலே தூக்கிச் செல்கிறது. இண்டக்ஷன் பக்கம் அந்தத் தூக்கு இல்லை. ஆவி மெல்ல எழும். கூடத்து ஃபேன் காற்று பட்டாலே சாய்ந்துவிடும். சிம்னியின் அடிப்பக்கமும் சூடேறாமல் குளிர்ந்தே இருப்பதால் ஆவி அங்கே துளியாகப் படிந்து திரும்ப ஹாப் மேலேயே சொட்டும். சிம்னி பழுது என்று ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. சமைக்கத் தொடங்கும் முன்பே குறைந்த வேகத்தில் சிம்னியைப் போட்டு, முடித்த பிறகும் பத்து நிமிஷம் ஓடவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சிம்னி 500 கன மீட்டர் காற்றை வெளியே தள்ள வேண்டுமானால் 500 கன மீட்டர் உள்ளே வந்தாக வேண்டும். கூடத்தில் ஏசி, சமையலறைச் சன்னலும் கதவும் சாத்தியாயிற்று என்றால் மோட்டார் சத்தம் மட்டும்தான் மிச்சம். சன்னல் சிம்னிக்குப் பக்கத்திலேயே இருந்தால் வந்த காற்று அப்படியே வெளியேறிவிடும், அடுப்பை எட்டிப் பார்க்காது. எதிர்ப்பக்கச் சன்னலோ பின்கட்டுக் கதவோ கொஞ்சம் திறந்திருப்பதே சரி. குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருக்கும் வீடுகளில் ஆபத்து கூடுதல். மூடிய வீட்டில் சிம்னி இழுக்கும் இழுப்பில் கீசரின் புகை வெளியேறாமல் உள்ளேயே திரும்பலாம்.

ஹாப்புக்கு மேலே உள்ள காற்றைப் போலவே கீழே உள்ள காற்றும் முக்கியம். இண்டக்ஷனின் மின்சுற்று சூடேறாமல் இருக்க அடியில் ஒரு சின்ன விசிறி காற்றை இழுத்துத் தள்ளுகிறது. பலகையில் ஹாப்பைப் பதித்து, அடியிலேயே இழுப்பறை வைத்து இடைவெளியில்லாமல் அடைத்துவிட்டால் அது மூச்சுத் திணறித் தானே நின்றுவிடும். மின் இணைப்பும் தனியாக வேண்டும். 2,000 வாட் வட்டம் ஒன்றுக்கே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் ஓடும். மிக்சி பிளக்கில் செருகும் பொருள் அல்ல இது. போர்டிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி., சரியான எர்த்.

அதே அலமாரியில் சிலிண்டரும் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே சிம்னியை நோக்கிப் போகாது. தரையில் வழிந்து அலமாரியின் அடியில் தேங்கும். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றப் போதும். அலமாரிக் கதவின் அடியில், தரையை ஒட்டித் துளைகள் இருக்க வேண்டும். மேலே மட்டும் துளை போட்டால் பயனில்லை. கேஸ் வாடை அடித்தால் சிம்னியைப் போட்டு வெளியேற்றலாம் என்று கை போகும், போகக் கூடாது. சுவிட்சில் எழும் ஒரு பொறி போதும். இண்டக்ஷன் ஓடிக்கொண்டிருந்தாலும் அதைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள். தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு வால்வு உள்ள ஹாப்பாகப் பார்த்து வாங்குவது நல்லது. குழாய் கேஸ் வந்துவிட்ட தெருவானால், ஜெட்டுகளை மாற்றாமல் பழைய ஹாப்பை இணைக்கக் கூடாது. மீத்தேனுக்கு எல்.பி.ஜி.யைவிடப் பெரிய துளை தேவை.

சிம்னி நன்றாக இழுக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். கேஸை மூடிவிட்டு, சிம்னியைப் போட்டு, முன் பர்னரின் ஓரத்தில் ஒரு ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை சாய்ந்து மேலே ஏறினால் சரி. உங்கள் முகத்துப் பக்கம் சுழன்று வந்தால் முதலில் கூடத்து ஃபேனை நிறுத்துங்கள். அப்போதும் வந்தால் எதிர்ச் சன்னலை ஒரு சாண் திறந்து பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் எண்ணெய் அடைத்திருக்கும், வெந்நீரும் சோப்பும் போதும். அதுவும் சுத்தமாக இருந்தால், வெளிச்சுவரில் குழாய் முடியும் இடத்தில் இருக்கும் மடல் திறக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். புறா கூடு கட்டியிருப்பதும் உண்டு.